மிளகுக் கறுப்பு என்று நான் நினைத்தது

சகோதரர்களே, என் இரண்டு உள்ளங்கைகளும் கெட்டுப்போன வருசத்தில் அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருசம், மாத்தளை டவுனில் ஒரே ஒரு சாக்கு மிளகோடு கடை திறந்தேன். பதினைந்து வருசத்தில் சொந்த லொறி, சொந்த ஸ்டோர். யாரும் தூக்கிவிடவில்லை. மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஓர் ஊது ஊதினால் போதும், எத்தனை நாள் காய்ந்தது, எவ்வளவு சொத்தை என்று சொல்லிவிடுவேன். பல்லேபொலயில் இருந்து நாவுல வரை என் கையை ஏமாற்ற ஒருவனும் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அந்தக் கை ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு கறுத்தது. தோல் தடித்து வரிவரியாக எழும்பியது. மிளகைத் தேய்த்தால் ஒன்றும் தெரியவில்லை. என் மனைவி கையைத் தடவிப் பார்த்தாள்.

"பாபத் கழுவுற நேரம் கைல படுற மாதிரியே ஈக்குதுங்க."

ஆட்டு வயிற்றோடு என் கையை ஒப்பிட்டுவிட்டாள்.

"மிளகுச் சாயம் புள்ள."

"இவ்வளவு வருசம் இல்லாத சாயமா?"

தேசிக்காயைப் பிழிந்து புளிச்சாறு தேய்த்தேன், எண்ணெய் பூசினேன். கறுப்பு கழுத்துக்கும் அக்குளுக்கும் ஏறியது. உடம்பு மெலிந்து, உடுத்த சாரம் இடுப்பில் நிற்கவில்லை. நாலு பிடி சோற்றில் வயிறு நிறைந்தது. வயசு என்று விட்டுவிட்டேன். எனக்குக் கைதான் கவலை. ஒவ்வொரு சுபஹுத் தொழுகைக்குப் பிறகும் அந்தக் கைகளையே ஏந்தி அழுதேன். "ரப்பே, இந்தக் கறுப்பை எடுத்துவிடு." மூன்று மாதம் கேட்டேன். எடுக்கவில்லை. என்னைக் கைவிட்டுவிட்டான் என்றுகூட நினைத்தேன். வெட்கத்தில் யாருக்கும் கை கொடுக்காமல் தூரத்தில் நின்று ஸலாம் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நடு வரிசையில் மாட்டிக்கொண்டேன். தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருந்தவர் முஸாபஹா செய்ய இரண்டு கையையும் நீட்டினார். நீட்டிய கையை எப்படி மறுப்பது? கொடுத்தேன். அவர் விடவில்லை. எங்கள் ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்கு வந்திருந்த கண்டி டொக்டர் அவர்.

"நானா, இது எத்தின மாசமா?"

"மிளகுச் சாயம் டொக்டர். தொழில்."

"கழுத்தாலயுமா மிளகு தேய்க்கிறீங்க?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சாப்பாடு எறங்குதா?"

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அடுத்த வாரம் கண்டியில் வெள்ளை மருந்தைக் குடிக்கக் கொடுத்து வயிற்றை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். இரைப்பையில் புற்றுநோய். "சில பேருக்கு உள்ளுக்க கட்டி வளந்தா தோல் இப்பிடி ஆகும் நானா. உங்களுக்கு நேரத்தோட தெரிஞ்சிருக்கு, இன்னும் பரவல்ல" என்றார் அதே டொக்டர். பாதி இரைப்பையை வெட்டி எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தேன்.

வீடு வந்து சில மாதத்தில் உள்ளங்கை மெதுவாக இளகியது. மனைவி பிடித்துப் பார்த்து, "இப்பதான் மனுசன்ட கை" என்றாள்.

நான் கேட்டபடி அன்றே கறுப்பை எடுத்திருந்தால் இன்று நான் மையவாடியில் கிடப்பேன். ஒருவர் கண்ணில் படும்வரை அதை என் கையிலேயே வைத்திருந்தான் என் ரப்பு. நான்தான் ஒளித்துத் திரிந்தேன்.

சகோதரர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் விடாதீர்கள். உடம்பில் புதிதாக ஒன்று தெரிந்தால் தொழில் மேல் பழி போடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். மிளகால் இன்றும் என் கையை ஏமாற்ற முடியாது. ஆனால் யார் சாக்கு கொண்டுவந்தாலும் முதலில் ஸலாம் சொல்லி அவர் இரண்டு கையையும் பிடிக்கிறேன். விரித்துப் பார்க்கிறேன். மிளகு அதற்குப் பிறகுதான்.