கூப்பிட்டால் வருகிற திசில்வுட்

வில்மா திசில்வுட் மாசசூசெட்சில் கழிவுநீர் லாரி ஓட்டினாள். லாரியில் குடும்பப் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தாள். அதே பெயர் கொண்ட நாவலாசிரியர் ஒருவர் உலகத்துக்கு முகமே காட்டாமல் ஒளிந்திருந்தார். அவரைத் தேடி வந்தவர்கள் இவளை அவருடைய உறவுக்காரி என்று நினைத்துப் பிய்த்தெடுத்தார்கள்.

"பேசாம லாரில பேரை அழிச்சுடேன்," என்றான் அவள் கணவன் ஆர்லோ.

"எங்கப்பன் பேரை நான் ஏன்யா அழிக்கணும்? அந்தாளு மாத்திக்கட்டும்!"

மறுநாளே லாரியில் இருந்த எழுத்துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கினாள்.

ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துகொண்டிருந்தபோது, இளைஞன் ஒருவன் அந்த எழுத்தாளரின் நாவலை நீட்டினான். "மேடம், அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தருவீங்களா?"

வில்மா கையுறையைக் கழற்றி, முதல் பக்கம் முழுக்கத் தன் பெயரையே எழுதினாள்.

"வச்சுக்கோ. கூப்பிட்டா வர்ற திசில்வுட் நான்தான்."