கழுத்தோரத்து ஓட்டைகள்

புலம்பெயர்ந்து வந்து லாசாலில் நான் வேலை செய்த பட்டறையில் புதுச் சட்டையைப் பழசாக்கி விற்றார்கள். பழைய காலத்து வட்ட மெஷினில் ஆறுதலாக, மெல்ல மெல்லப் பின்னிய பருத்தித் துணி, குழாய்போல வரும். பக்கத்தில் தையலே இருக்காது. அப்பேர்ப்பட்ட டீசேர்ட்டின் கழுத்தோரத்தைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து நாலைந்து ஓட்டை போடுவது என் வேலை. கிழிசலுக்குக் கூடக் காசு குடுக்கிற பைத்தியக்காரச் சனம் என்று திட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

குளிர் தொடங்கும்போது ஒரு அக்கா வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் தையல் படிப்பித்தவர். அவருக்கு உள்ளறையில் கை தைக்கிற வேலை, நான் ஓட்டை போடுவதை அவர் கண்டதில்லை. பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. முதலாளி சொல்வதை நான்தான் தமிழில் சொல்லவேண்டும். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவேன் என்று அவன் சொன்னதையும் நானே சொன்னேன். ஊரில் விட்டுவந்த மகளைக் கூப்பிட அக்காவுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். எனக்கு வேறு இடம் தேடப் பஞ்சி, சோம்பல், அவ்வளவுதான். ஆனால் அவருடைய கை என் கையைவிட வேகம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் நான் ஓட்டை போட்ட சட்டைகளை அக்காவிடம் மடிக்கக் கொடுத்தார்கள். ஒன்றை விரித்துப் பார்த்துப் பதறிவிட்டார்.

"பிள்ளை, இதென்ன, புதுச் சட்டையில ஓட்டை?"

"மெஷின் பிழை போல அக்கா. தைச்சுக் குடுத்தா முதலாளி சந்தோசப்படுவார்."

துணியின் கண்ணிகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கோத்தெடுத்து, பின்னேரத்துக்குள் அவ்வளவையும் அடைத்துவிட்டார். கிட்டப் பார்த்தால்தான் ஓட்டை இருந்த இடம் தெரியும். முதலாளி தலையில் கை வைத்தான். யார் இப்படிச் செய்யச் சொன்னது என்று கேட்டான். இவர் சொன்னால் கேட்கமாட்டார் என்று பிரெஞ்சில் சொன்னேன். அக்காவுக்கு, "இனி வரவேண்டாமாம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து, அடைத்த சட்டை ஒன்றைக் கடைக்காரி ஒருத்தி கண்டுவிட்டு, இப்படித்தான் வேண்டும் என்று நின்றாள். முதலாளி என்னை அடைக்கச் சொன்னான். நான் அடைத்தது புண்ணுக்குத் தையல் போட்டதுபோல இருந்தது. அக்காவைக் கூப்பிடு என்றான். நம்பர் மாறிவிட்டது என்றேன். நம்பர் என் போனில்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

போன கிழமை பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடையில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லாய் மெலிந்திருந்தார். மகள் இன்னும் வரவில்லையாம்.

"நீ எனக்காக எவ்வளவு கதைச்சிருப்பாய் எண்டு தெரியும் பிள்ளை. அங்க திரும்ப ஆள் எடுத்தா ஒரு சொல்லுச் சொல்லு."

"ஓம் அக்கா, கட்டாயம் சொல்லுறன்" என்றேன்.