அண்ணா கேட்ட பெயர்

எங்கள் ஊரான இறுப்பிட்டியில் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்த அண்ணா, நாட்டுப் பிரச்சினை காரணமாகப் பள்ளிப் பருவத்திலேயே லண்டனில் இருந்த மாமாவிடம் அனுப்பப்பட்டார். அவர் டொக்டராக வருவார் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவரோ தாம் போன நாட்டின் இராணுவத்தில் பரசூட் படை அதிகாரியானார். ஆமி என்ற சொல்லைக் கேட்டாலே படலையைச் சாத்துகிற ஊர் எங்களுடையது. ஆகவே, "கந்தோரிலை வேலை" என்றே, ஏதோ அலுவலகத்தில் இருப்பதுபோல, அம்மா அயலவர்களிடம் சமாளித்து வந்தார்.

ஆப்கானிஸ்தானில் நடந்த ஒரு சண்டையில் அண்ணாவின் தொடையில் குண்டு பாய்ந்தது. காலைத் தாமே இறுக்கிக் கட்டிக்கொண்டு, மண்சுவரில் சாய்ந்தபடி கட்டளையிட்டு, அகப்பட்டிருந்த தம் படையினரை ஒவ்வொருவராக வெளியேற்றினார். அதன் பின்னரே தம்மைத் தூக்க விட்டார். அந்த வீரத்துக்காக அவர் சேவை செய்த நாட்டின் அரசு அவருக்குப் பதக்கம் அணிவித்தது. லண்டன் உறவினர் மண்டபம் எடுத்துக் கொண்டாடினார்கள். அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அது கிடக்கட்டும் ராசா. காலை ஊண்ட ஏலுமோ?"

பதக்கத்தைப் பற்றி நான் கேட்டபோது அண்ணா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எல்லாரையும் கொண்டு வந்தனான் எண்டு சொல்லுறாங்கள். எங்களோடை வந்த அந்த ஊர் மொழிபெயர்ப்பாளன் அங்கையே கிடந்தவன். அவனை எடுக்க ஏலாமல் போச்சு." அவன் பெயரை அவர் சொல்லவில்லை.

காயத்தோடு தொடங்கிய நோய் சிறுநீரகத்தைப் பிடித்தபோது அண்ணா அம்மாவிடமே வந்துவிட்டார். கடைசி நாட்களில், காய்ச்சலில் எங்களையே தம் படையினராக நினைத்தார்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

"ஓம் அண்ணை, வந்திட்டினம்," என்றேன்.

"அவனும் வந்திட்டானோ?"

"ஓம்."

"பேரைச் சொல்லு."

எனக்குத் தெரியாது. வாயில் வந்ததைச் சொல்லி அவரை மேலும் ஏமாற்றவும் மனம் வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா வாசலைப் பார்த்தபடியே போய்விட்டார். அவருடைய படை நண்பர்களிடம் பிறகு விசாரித்தோம். அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் நினைவில்லை. ஆண்டொன்று போயும் எனக்கு இது ஆறவில்லை.

அவர் போன முப்பத்தோராம் நாள், கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைக்கு நான் அமர்ந்திருந்தபோது, இன்னொரு பிண்டமும் வைக்கும்படி அம்மா சொன்னார்.

"ஆரின்ரை பேரிலை?" என்று குருக்கள் கேட்டார்.

"பேர் தெரியாது ஐயா. எங்கடை சமயமும் இல்லை. என்ரை பிள்ளை தேடின பிள்ளை எண்டு சொல்லுங்கோ."

அண்ணாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், கடல் கடந்து வந்து தோள்கொடுத்த அவருடைய நண்பர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. மறுகேள்வி கேட்காமல், அம்மா சொன்னபடியே சொல்லிப் பிண்டம் வைப்பித்த குருக்கள் ஐயாவுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

தம்பி