ஒரு பாளம் ஐஸும் கரி பஸ்ஸும்

போன செவ்வாய்க்கிழமை விழுப்புரத்தில் பஸ் ஏறப் போனபோது என் கையில் ஒரு சாக்கு இருந்தது. அதற்குள் மரத்தூள். மரத்தூளுக்குள் ஒரு பாளம் ஐஸ்.

திண்டிவனத்தில் என் ஆறு வயது மகளுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நெற்றியில் ஐஸ் வைக்காவிட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் ஐஸுக்கு எங்கே போவது? விழுப்புரத்துக்குத்தான் ஓடி வந்தேன்.

யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது. கரி பஸ்தான் — முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு, அதில் வரும் கரிவாயுவில் ஓடுகிறது. மூட்டைகளையும் பின்பக்கமே கட்டுவது வழக்கம். நான் டிக்கெட் வாங்கப் போன நேரத்தில், கீழே வைத்திருந்த என் சாக்கையும் கண்டக்டர் கொண்டுபோய்... எங்கே கட்டினார் தெரியுமா? அடுப்புக்குப் பக்கத்தில்!

விக்கிரவாண்டி தாண்டி பஸ் நின்றது. இறங்கிப் பார்த்தால் சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

"இன்னாய்யா பண்ணி வச்சிருக்கே? உள்ளே ஐஸ் இருக்குதுய்யா!"

"மல்லாட்டை மூட்டைன்னு நெனச்சிட்டேங்க. கடலைக்குச் சூடு பட்டா இன்னான்னு கட்டிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

பஸ் ஏன் நின்றது என்கிறீர்கள்? அடுப்பில் நெருப்பு அணைந்துகொண்டிருந்தது! டிரைவர் வியர்க்க வியர்க்க அடுப்பின் காற்று விசிறியைச் சுற்றுகிறார். சூடாக இருக்க வேண்டியது ஆறுகிறது. குளிர்ந்திருக்க வேண்டியது உருகுகிறது. காலேஜில் படித்த பௌதிக விதிதான் — சும்மா விட்டால் எல்லாம் வெதுவெதுப்பில் வந்து நிற்கும், தானாகத் திரும்பிப் போகாது. அன்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அதற்குப் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வீடு சேர்ந்தபோது மிச்சம் எலுமிச்சம்பழ அளவு. துணியில் சுற்றி மகள் நெற்றியில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் போயிற்று. உலகத்தில் எல்லாம் ஆறுகிறது, இந்த ஒரு நெற்றி மட்டும் ஆற மாட்டேன் என்கிறதே! ஆறிவிடு, ஆறிவிடு என்று வாய்விட்டே கெஞ்சினேன்.

மறுநாள் காலை மனைவியின் குரல்.

"ஜல்தி வாங்க! புள்ள ஒடம்பு ஜில்லுனு கெடக்குதுங்க!"

ஆற வேண்டும் என்று கேட்டவன் நான்தான். எதுவரை என்று சொன்னேனா? கூடத்திலிருந்து அவள் படுக்கை பத்தடி தூரம் இருக்கும். அதற்குள் செத்துப் பிழைத்தேன்.

மகள் கண்ணைத் திறந்தாள். "பசிக்குதுப்பா" என்றாள்.

காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகிறது. இப்போதும் மணிக்கொரு தரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன் — காய்ச்சலுக்காக அல்ல, சூடு இருக்கிறதா என்று!