நல்ல மரணத்துக்கு அவசரமில்லை

அப்பாவின் மூக்கோரத்தில் இருந்து வெட்டிய புண் புற்றுநோய்தான் என்று முடிவு வந்த கிழமை, நான் லீவு எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான பள்ளிமுனைக்கு வந்தேன். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மேசைதான் கண்ணில் பட்டது. பிஸ்கட் பெட்டிகள், மால்ற் டின்கள், தோடம்பழம், ஒரு பை திராட்சை. காய்ச்சல்காரனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பிஸ்கட் பெட்டி போதும். திராட்சை வந்துவிட்டால், ஆள் தப்பமாட்டார் என்று வட்டாரம் தீர்மானித்துவிட்டது என்று பொருள்.

அப்பா கதிரையில் இருந்தார், மூக்கில் பிளாஸ்டருடன், நல்ல பசியுடன்.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். உடம்பில் இருந்து வெட்டிவரும் சதையை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. பார்த்து என்னவென்று சொல்வது டாக்குத்தரின் வேலை. அப்பாவுக்கு வந்திருந்தது தோலில் மிக மெதுவாக வளரும் வகை. மீன்முள் கீறினது என்று ஒரு வருசத்துக்கு மேல் சொல்லிக்கொண்டு திரிந்தார். இன்னும் விட்டிருந்தால் மூக்கைத் தின்றிருக்கும். விடவில்லை, முழுதாக வெட்டியாகிவிட்டது, ஓரங்களும் சுத்தம். இந்த வகை வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் மற்ற எல்லோரையும் போல வயதாகி, மற்ற எல்லோருக்கும் வருகிற ஏதோ ஒன்றால்தான் சாகிறார்கள். இதை அம்மாவுக்கு இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். இரண்டு தரமும் தலையாட்டிவிட்டு அழுதார்.

பின்னேரம் அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, அயல் பெண்களைக் கூட்டிக்கொண்டு செபமாலைக்கு வந்தார். செபமாலை முடிந்ததும் சூசையப்பரிடம் நல்ல மரணத்துக்காக மன்றாடும் செபத்தைத் தொடங்கினார். கிடையில் கிடந்து நாள் எண்ணுகிறவர்களின் கட்டிலடியில் அதை நாங்கள் சொல்வது வழக்கம். இங்கே கட்டிலும் இல்லை, கிடப்பாரும் இல்லை. அப்பா முழங்காலில் நின்று, பழக்கதோசத்தில், தன் நல்ல மரணத்துக்குத் தானே உரத்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

செபம் முடியும்வரை வாசலில் காத்துநின்ற சம்மாட்டி உள்ளே வந்தார். அப்பா கடலுக்குப் போகும் படகும் வலையும் அவருடையவை. என் பள்ளிக்கூடக் காலம் முழுக்க அந்தப் படகை ஓட்டியது அப்பாதான்.

"அண்ணை, நீங்கள் ஆறுதலா இருங்கோ. எஞ்சினுக்கு என்ர மருமோனை விட்டிருக்கிறன்."

வெட்டின இடத்தைக் கண்ணாடியில் பார்த்தபோதுகூட அப்பாவின் முகம் அப்படிக் கறுத்துப் போகவில்லை.

"எத்தினை நாளைக்கு மாமா?" என்று நான் கேட்டேன்.

"அதென்ன பிள்ளை கேள்வி... கடைசிவரைக்கும்தானே."

"ஆற்ற கடைசி? அப்பாவின்ரையோ, உங்கடையோ?"

"வாயைக் கழுவடி!" என்றார் பெரியம்மா.

நான் விரலை மடித்துச் சொல்லத் தொடங்கினேன். எனக்கு அப்படித்தான் பேச வரும். வருத்தம் இருந்த இடத்தை வெட்டி எடுத்தாயிற்று. இது உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவுவது மிக அரிது. இது தொற்றாது, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம். புண் ஆறினதும் வெயிலுக்கு மறைத்துக்கொண்டு தொழிலுக்குப் போகலாம் என்று டாக்குத்தரே சொல்லியிருக்கிறார். வெயில் தின்ற தோலில் இன்னொன்று வரலாம், அதனால் சொல்லும் தவணைக்குக் காட்டவேண்டும்.

"திரும்ப வந்தா?" என்றார் சம்மாட்டி.

"திரும்ப வெட்டுவம்."

"நடுக்கடலில ஏதும் நடந்தா, பிள்ளை? நானல்லோ பதில் சொல்லவேணும்."

"நடுக்கடலில மூக்கு ஒண்டும் செய்யாது மாமா. உங்கட பிறசர்தான் செய்யும். இண்டைக்குக் குளிசை போட்டனீங்களோ?"

பெண்கள் பக்கம் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் செருமினார். சம்மாட்டி சட்டைப்பையைத் தடவினார். போடவில்லை என்று தெரிந்தது.

அப்போது அப்பா எழும்பினார். "தையல் வெட்டிக் காயம் ஆறினவுடன வாறன். உன்ர மருமோன் முன்னால அணியத்தில நிண்டு வலை இழுக்கட்டும். என்ர இடத்தில இருக்கவேண்டாம் எண்டு சொல்லு."

"அப்ப நாங்கள் சொன்ன செபம்?" என்றார் பெரியம்மா. அவருக்கு உண்மையிலேயே மனத்தாங்கல்.

"அது வீண்போகாது அக்கா. இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் ஒரு நாளைக்குத் தேவைதானே. சூசையப்பர் பொறுமையானவர், வைச்சிருப்பார்."

சொன்னபடி போனார். அகலத் தொப்பி, பிடரிக்குத் தொங்கும் துணி, முழுக்கைச் சட்டை, முகத்தில் நான் வாங்கிக் கொடுத்த கிறீம். கரையில் நின்றவர்கள் "மாப்பிளை வாறார், மேளம் அடியுங்கோ" என்று கத்தினார்கள். "பொம்பிளை கடலுக்க நிக்கிறாள், விடுங்கோடா" என்று அப்பா எஞ்சினைக் கிளப்பினார்.

சில வருசம் கழித்துக் காதுக்குப் பின்னால் ஒன்று வந்தது. இது வேறு வகை. விட்டுவைத்தால் கழுத்திலுள்ள நிணநீர் நெறிகளுக்குப் போகக்கூடியது. முதலாவதற்குப் பயப்படாத நான் இதற்குப் பயந்தேன். கழுத்தைத் தடவிப் பார்த்த டாக்குத்தரின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒன்றும் இல்லை. வெட்டினார்கள். ஓரங்கள் சுத்தம் என்று வந்தது.

பிளாஸ்டர் கழற்ற முன்னமே சம்மாட்டி வாசலில் நின்றார். "அண்ணை, எப்ப வாறியள்? மருமோன் வலையைக் கொண்டுபோய்க் கல்லுப்பாரில கிழிச்சுப்போட்டான்."

இந்த முறை தவணை நெருக்கம். கழுத்தை அடிக்கடி பார்க்கவேண்டும் என்று டாக்குத்தர் சொல்லி, அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் எழுதினார். அப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார்:

"ஐயா, அண்டைக்கு வலையில இறால் படும். வேற நாள் ஒண்டு தாங்கோ. கட்டாயம் வருவன்."

டாக்குத்தர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் பக்கம் நின்றேன். டாக்குத்தர் திகதியை வெட்டிவிட்டு, அதற்கு முதல் நாளை எழுதினார்.