செல்வநாதன் ஆட்டிய கை

ராயபுரம் செல்வநாதனைத் தொடைநடுங்கி என்று கேலி செய்யாத ஆள் எண்ணூர் சாலையில் இல்லை. கிரேன் ஓட்டுகிறவன் மின்கம்பியைக் கண்டு இப்படிப் பயந்தால் பிழைப்பு நடக்குமா? தலைக்கு மேல் கம்பி போனால் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவிடுவான். "கரண்ட்ட நிறுத்து, அப்பால என்னக் கூப்டு" என்பான். கம்பியைத் தொடவே வேண்டாம், கிட்டே போனாலே அது தாவிப் பிடிக்கும் என்று சொல்வான். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்க என்ன, வாய் இருந்தால் போதும்.

அவன் முடியாது என்று சொல்ல முடியாத ஆள் ஒருவன் இருந்தான். திருவொற்றியூர் குப்பத்து மாரியப்பன். இளவயதில் அவனோடு கடலுக்குப் போன செல்வநாதன் படகிலிருந்து தவறி விழுந்தான். அலை இழுத்துப் போனது. தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் ஆடியது. மாரியப்பன் அதைப் பார்த்துக் குதித்து, தலைமயிரைப் பிடித்து இழுத்து வந்தான். கடலில் கை ஆடினால் யோசிக்கக் கூடாது, போய்விட வேண்டும். குப்பத்தில் இது குழந்தைக்கும் தெரியும்.

போன ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. மணலில் கிடந்த மாரியப்பனின் ஃபைபர் படகைக் கருங்கல் தடுப்பைத் தாண்டிச் சாலைக்குத் தூக்கியாக வேண்டும். கடல் பக்கச் சாலையோரம் நெடுக மின்கம்பி. மாரியப்பன் செல்வநாதனிடம் வந்து நின்றான்.

"மாமு, கரண்ட் ஆபீஸ்ல போனே எடுக்க மாட்டேன்றான். கடல் ஏறிக்கினே வருது. படகு போச்சுன்னா எங்க வூடே போச்சு."

செல்வநாதன் கம்பியை வெகுநேரம் பார்த்தான். படகுக்குக் கயிறு கட்ட வந்த நாங்கள் சுற்றி நின்றோம்.

"தூக்குறேன். ஆனா நீ தூரமா நில்லு. இன்னா ஆனாலும் வண்டியத் தொடாத."

"சர்தான், தூக்கு."

படகு எழுந்தது. கடல் பக்கம் ஊன்றியிருந்த கிரேனின் கால், ஈர மணலில் மெல்லப் புதையத் தொடங்கியது. வண்டி சாய்ந்தது. மேலே நீண்டிருந்த இரும்புக் கை கம்பியை நெருங்கியது. பளீரென்று ஒரு நீல வெளிச்சம். டயரிலிருந்து புகை வந்தது.

உள்ளே செல்வநாதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்சாரம் நிற்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தால் பிழைத்துக்கொள்வான். தரையில் நிற்கிறவன் வண்டியைத் தொட்டால்தான் முடிந்தது கதை. இது அவனுக்கு நன்றாகத் தெரியும். "வராத, வராத" என்று கத்தினான். எஞ்சின் இரைச்சலிலும் காற்றிலும் குரல் வெளியே வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, போ போ என்று கையை ஆட்டினான்.

மாரியப்பன் கையைப் பார்த்தான். ஓடினான்.

அவன் ஓடி வருவதைக் கண்டு செல்வநாதன் இன்னும் வேகமாக ஆட்டினான். மாரியப்பனும் இன்னும் வேகமாக ஓடினான். நாங்கள் பிடிப்பதற்குள் ஏணியைப் பிடித்துவிட்டான். பாவி, ஒரு சத்தம்கூடப் போடவில்லை.

சாவு வீட்டில் கோவிந்தம்மா, மாரியப்பனின் மனைவி, அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"வண்டியத் தொடாதன்னு சொல்லிட்டு, அப்பால இன்னாத்துக்குண்ணே கைய ஆட்டுன?"

 

இப்போது செல்வநாதன் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறான். காலையில் மகள் ஜானட் காலேஜ் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அவனுக்குக் கையாட்டுகிறாள். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான்.