சிவப்புத் துணி கட்டிய எருக்கு

கயத்தாறுக்கு இன்னும் பாதி வழி இருந்தது. தோளில் பை, சட்டையில் எருக்கம்பால் காய்ந்த கறை. யாரும் என்னை விரட்டவில்லை, நானாகத்தான் கிளம்பியிருந்தேன். பாதியில் விட்டுவிட்டுப் போவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பழக்கம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பி.டி. பருத்திக் காட்டில் காவலுக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு காலையில் சுற்றி வந்தபோது வரப்பில் நின்ற எருக்கஞ்செடிகளில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எருக்கு, சிவப்புத் துணி, அதுவும் அடுத்தவர் காட்டில். எட்டாவது தாண்டாத மூளைக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? முதலாளிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள். ஒன்றுவிடாமல் வெட்டி, வெளியே போட்டுக் கொளுத்தி, மூன்று முறை துப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். அன்று என்னைவிடத் துணிச்சல்காரன் இந்தக் கரிசலில் கிடையாது.

மறுநாள் கல்லூரியில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். காய்ப்புழுவைச் செடியே கொல்லும்படி விதையை மாற்றிய பருத்தி இது. இதன் பூந்தூள் எருக்கிலையில் விழுந்தால், அந்த இலையைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் சாகுமா என்று பார்க்க அவள்தான் அடையாளத்துக்குத் துணி கட்டியிருந்தாளாம். அதற்குச் சரி சொன்ன முதலாளி என்னிடம் சொல்ல மறந்திருந்தார்.

"அண்ணாச்சி, செடியெல்லாம் எங்க?"

"பயப்படாதீங்கம்மா, எரிச்சிட்டேன். இனி ஒண்ணும் அண்டாது."

"அதுல புழு இருந்துச்சே!"

"அதையும் சேத்துதான்."

வெறும் வரப்பைப் பார்த்தபடி நின்றாள். "பருத்தி பூத்து முடியப் போவுது. இனி அடுத்த வருசந்தான்," என்றாள். திட்டியிருந்தால் தேவலை. பக்கத்தில் நின்ற முதலாளிதான் சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஏலே, விதையால பூச்சி சாவுமா சாவாதான்னு அந்தப் புள்ள பாத்துக்கிட்டு இருக்கு. நீ கொள்ளிய வச்சு முடிச்சிட்டியே!"

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் பையை எடுத்தேன்.

கயத்தாறில் லாரிகள் நிற்கும் இடத்தில் படுத்தேன். காலையில் டீக்கடையில் ஒரு காண்ட்ராக்டர், நாற்கரச் சாலையோரம் செடி வெட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"எருக்கு நெறையக் கெடக்கு. வெட்டத் தெரியுமாலே?"

"அது ஒண்ணுதான் உருப்படியாத் தெரியும் அண்ணாச்சி."

அரிவாளோடு இறங்கியவன், முதல் செடியிலேயே இலை இலையாகப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏலே, என்னத்தத் தேடுத?"

கறுப்பும் மஞ்சளுமாக வரியோடிய புழு ஒன்று இலைக்கடியில் இருந்தது. பக்குவமாக எடுத்துப் பக்கத்துச் செடியில் விட்டுவிட்டு வெட்டினேன். பக்கத்துச் செடியையும் நான்தான் வெட்ட வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.